கத்தரிப்பூ நிற மை

1957 பெப்ரவரி 5, வட்டக்கச்சி

இன்று முதல் இந்த டயறி கத்தரிப்பூ நிறத்தில் நடக்கும். கொழும்பில் துறைமுகக் கந்தோரில் வேலை பார்க்கும் என் கூட்டாளி கனகலிங்கம் ஒரு போத்தல் மை அனுப்பியிருக்கிறான். கப்பல்காரன் ஒருவன் கொடுத்ததாம். லேபலில் உள்ள பாஷை அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரும்பும் மாசிக்காயும் சேர்ந்த மை, தண்ணீரில் போட்டாலும் அழியாது என்று மட்டும் கேட்டறிந்து எழுதியிருக்கிறான். பச்சைப்பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற மாசிக்காயில் மையா?

ஆனால் நிறம் – அடேயப்பா! ஆறு வருடமாக நீர்ப்பாசனக் கந்தோரில் நீலக் கறுப்பு மையோடு மாரடிக்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பெப்ரவரி 6

மூன்று ஊற்றுப்பேனைகளிலும் போட்டுப் பார்த்தேன். இரும்பு நிப் உள்ளது அரைப் பக்கம் எழுதிவிட்டுத் தொண்டை அடைத்துக்கொண்டது. பச்சைப் பேனை எழுதுவதைவிட ஒழுகுவது அதிகம், சட்டைப்பை போயிற்று. வேலை கிடைத்தபோது அம்மா வாங்கித் தந்த தங்க நிப் பேனையில் மட்டும் குளத்துத் துலுசுக் கதவு திறந்த வாய்க்கால் போல ஓடுகிறது. விரல் மூன்றும் கத்தரிப்பூ.

பெப்ரவரி 8

எழுதிய தாளை வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டேன். தாள் கூழாகப் பார்க்கிறது, எழுத்து அசையவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டா. "ஊரில பெடியள் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெத்திட்டாங்கள். இவன் கடுதாசி ஊறப்போடுறான்!"

பெப்ரவரி 11

கலியாணம் பேசுகிற சிற்றம்பலம் அண்ணை வந்தார். தண்ணீரூற்று என்ற ஊரில் ஓய்வுபெற்று இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாத்துரை. அவருடைய மகள் அருந்ததி, பள்ளிக்கூட ஆசிரியை. சாதகம் பொருந்திவிட்டது. இனி ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாப்பிள்ளையின் கையெழுத்தைப் பார்க்கவேண்டுமாம். கையெழுத்துச் சரிந்தால் ஆளும் சரிவான் என்பது அவர் சித்தாந்தம்.

படத்தைத் தந்துவிட்டுப் போனார். அருந்ததி அதில் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். எதைப் பார்த்து? இதோடு ஏழு தரம் பார்த்துவிட்டேன். எனக்கு இவளைத்தான் கட்டவேண்டும்.

ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கடிதம் எழுதி உடனே தபாலில் போட்டேன். கடைசியில் ஒரு வரி: 'இக்கடிதம் கத்தரிப்பூ நிற மையினால் எழுதப்பட்டது, தங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்குமென நம்புகிறேன்.'

பெப்ரவரி 16

பதில் இல்லை.

பெப்ரவரி 18

இல்லை. தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறான்.

பெப்ரவரி 20

சிற்றம்பலம் அண்ணை வந்தார். கதிரையில் இருக்கவே இல்லை.

"தம்பி கதிர்காமநாதன், உமக்குக் கத்தரிப்பூ என்ன நிறமெண்டு தெரியுமோ?"

"ஏன் அண்ணை?"

"நீர் எழுதின காயிதம் கன்னங்கரேலெண்டு கிடக்கு. அந்தாள் முப்பது வருசம் சிவப்புக்கொடியும் பச்சைக்கொடியும் காட்டினவர். கறுப்பைக் கத்தரிப்பூ எண்டுறவனுக்குக் கண்ணில நிறக்குறை, பேரப்பிள்ளையளுக்கும் வரும், சம்பந்தம் வேண்டாமெண்டு நிக்கிறார்."

எழுதியதைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. இப்போது இந்த டயறியைத் திருப்பினேன். ஐந்தாம் தேதி கறுப்பு. பதினோராம் தேதி கறுப்பு. நேற்றுமுன்தினம் எழுதியதும் கறுக்கத் தொடங்கிவிட்டது. இன்று எழுதும் இந்த வரி மட்டும் கத்தரிப்பூ! காற்றுப் பட்டால் கறுக்கிற மை. எடேய் கனகலிங்கம், இதை ஒரு வரி எழுதக்கூடாதோ? ஒரு போத்தல் மையால என்ர கலியாணம் போகப்போகுதே!

அண்ணையின் காலில் விழாத குறை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் சாட்டில் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தார்.

பெப்ரவரி 24

மாங்குளத்தில் பஸ் மாறித் தண்ணீரூற்றுக்குப் போனோம், நான், அம்மா, அண்ணை. ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கோ என்றார், இருங்கோ என்றார், உள்ளே போய் இரண்டு கொடிகளோடு வந்தார். நிசமாகவே கொடி!

"இது?"

"பச்சை ஐயா."

"இது?"

"சிவப்பு."

மடியிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். "இது?"

என்ன செய்வேன்? "கறுப்பு" என்றேன்.

"அப்ப கண் சரி. வாய்தான் பொய்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் பேனையை எடுத்து, ஒரு தாள் தாருங்கோ என்றேன். தாள் வந்தது. என்ன எழுதுவது? அந்த நேரம் அருந்ததி தேநீர்த் தட்டத்தோடு வந்தாள். 'தேநீர் மிகவும் நன்றாக இருக்கிறது' என்று எழுதினேன். கத்தரிப்பூ நிறம் பளிச்சென்று நின்றது.

"இதை நாலு நாள் வைச்சிருந்து பாருங்கோ ஐயா. கறுக்காட்டி நான் இந்தப் பக்கமே வரமாட்டன்."

"அது கிடக்கட்டும். இன்னும் குடிக்கவே இல்லை, அதுக்குள்ள நல்லாயிருக்கோ?" என்றார்.

இரண்டாவது பொய்யும் பிடிபட்டது. அருந்ததி என் விரல்களைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், உள்ளே ஓடிவிட்டாள். குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. பதற்றத்தில் தேநீரைக் குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

பெப்ரவரி 27

இப்போது கறுத்திருக்குமா? தண்ணீரூற்றுக் காற்றும் இதே காற்றுத்தானே?

மார்ச் 2

கடித உறை ஒன்று. உள்ளே அதே தாள். என் வரி கறுத்திருக்கிறது! அதன் கீழே, பென்சிலில், குண்டு குண்டாக ஒரு டீச்சரின் எழுத்து:

ஞாயிறு – கத்தரிப்பூ.
திங்கள் – கத்தரிக்காய்.
செவ்வாய் – நாவற்பழம்.
புதன் – காகம்.

பிறகு கொஞ்சம் இடம் விட்டு: 'தேத்தண்ணி ஆறிப்போச்சு.'

நாலு நாளும் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சொல்லும் எழுதவில்லை. இது பச்சையா, சிவப்பா?

மார்ச் 9

ஒன்றுமில்லை. அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறா.

ஏப்ரல் 29

பச்சைக்கொடி காட்டிய ஸ்டேஷன் மாஸ்டரின், இனி மாமாவின், கடிதம் வந்தது. வைகாசியில் தாலிக்குப் பொன்னுருக்க நாள் சரியாம். கூறைச்சேலை எடுக்க யாழ்ப்பாணம் போகும்போது பெண்களை மட்டும் அனுப்பாமல் மருமகனும் கூடப் போய் நிறத்தைப் பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அடியில், பென்சிலில், குண்டெழுத்து: 'கடையில் அவர் என்ன நிறம் எண்டு சொன்னாலும் நான் நாலு நாள் கழிச்சுத்தான் நம்புவன்.'