மறுகரை இணைப்பு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. உன்னை டிவியில் பார்த்த அன்றைக்கு மட்டும் வலியே இல்லை என்கிறாள். தலைவருக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றாய். இளைத்துவிட்டாய் என்று அவள் கவலைப்படுகிறாள். எனக்கென்னவோ தொப்பைதான் கண்ணில் பட்டது.

போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், நீயும் எழுதியே பதில் சொல். "நம்ம கடல்ல அவன் படகுக்கு என்ன வேலை?" என்று உங்கள் தலைவர் கேட்டாரே, அது நீ எழுதிக்கொடுத்த வரிதானே? கைதட்டல் அடங்கவே வெகு நேரமானது. எங்கள் மீட்பு நிலையத்து வயர்லெஸ் அறையில் யாரும் கைதட்டவில்லை. அந்தப் படகுக்கு என்ன வேலை என்பது எங்களுக்குத் தெரியும்.

தீவுக்குப் போகும் பயணிகள் படகு நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் நம் துறைமுகத்திலிருந்து மீட்புப் படகு போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். மறுகரை நாட்டிலிருந்து வர இருபத்தைந்து நிமிடம். ஆபத்து என்றால் பக்கத்தில் இருப்பவர் அனுமதிக்குக் காத்திராமல் எல்லை தாண்டி வரலாம் என்று இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டது இதற்காகத்தான். மறுகரை வயர்லெஸ்காரரை நான் முகம் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாகத் தினமும் பேசுகிறோம். அவர் ஆட்கள் இதுவரை நம் ஆட்கள் அறுபத்திரண்டு பேரைத் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

இது வெறும் மேடைப் பேச்சு, அதோடு முடிந்துவிடும் என்று ஒரு வரி எழுது. எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்
அக்கா


மார்ச் 11

என் பிரியமான அக்காவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் பட்டை அனுப்பியிருக்கிறேன். தொப்பையை ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் கட்சி ஆபீஸ் டீயும் பஜ்ஜியும் செய்த வேலை.

எழுதச் சொன்னதும் நல்லதுதான். இங்கே போனில் எதையும் பேச முடிவதில்லை, சொந்தக் கட்சிக்காரனே ஒட்டுக்கேட்கிறான்.

உன்னிடம் மறைப்பானேன்? அந்த ஒப்பந்தத்தில் ஒரு குறையும் இல்லை. தலைவருக்கும் அது தெரியும். மே மாதம் மாகாணத் தேர்தல் வருகிறது. எங்களை விட்டுப் பிரிந்துபோன அணி, 'தலைவர் மறுகரைக்காரனுக்கு விலைபோய்விட்டார்' என்று ஊர் ஊராகப் பேசுகிறது. அவர்களைவிடச் சத்தமாகக் கத்தாவிட்டால் எங்கள் கடை மூடப்படும். அரசு நிற்பதே எங்கள் ஒன்பது எம்.பி.க்களால்தான். ஒப்பந்தத்தை நிறுத்து, இல்லையென்றால் ஆதரவு வாபஸ் என்று தலைவர் சொல்லிவிட்டார். வெளியுறவு அமைச்சருக்கு இஷ்டமில்லை, ஆனால் நாற்காலி மேல் இஷ்டம் அதிகம். தூரத்து வல்லரசு ஒன்று வேறு, மறுகரையோடு ஒட்டுறவு வேண்டாமென்றால் ரோந்துக் கப்பல் தருவதாக ஆசை காட்டுகிறது. எல்லாம் கூடிவந்துவிட்டது.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொள். தேர்தல் முடிந்ததும் சத்தமில்லாமல் புதுப்பித்துவிடுவோம். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?

உன் செல்லத்
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. நாலே வரி. 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று முடிகிறது. மறுகரையோடு நேரே பேசும் தொலைபேசியைக் கழற்ற இரண்டு பேர் வந்தார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

கழற்றும் முன் ஒரு நிமிடம் பேசிக்கொள்ள விட்டார்கள். மறுகரை வயர்லெஸ்காரர்தான், "பொது அலைவரிசை இருக்கே அம்மா, கூப்பிட்டா கேட்கும்" என்றார். நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் எனக்குச் சொன்னார்.

கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டிருந்தாய். கடல் ஓடாது. அதில் மனிதர்கள் போகிறார்கள், வருகிறார்கள். உன் கட்சி ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

அக்கா


ஏப்ரல் 24

தம்பிக்கு,

பேப்பரில் நாலு வரி வந்திருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பத்து. நல்ல வெயில். தீவிலிருந்து திரும்பிய பயணிகள் படகின் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியது. படகில் முப்பத்தாறு பேர். படகோட்டி என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை. எப்படியும் மறுகரைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்றிருந்திருக்கிறார்.

நம் மீட்புப் படகைக் கிளப்பிவிட்டுப் பொது அலைவரிசையில் மறுகரையைக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது. எஞ்சினைப் போட்டாயிற்று, ஆட்கள் ஏறியாயிற்று, அனுமதிதான் வேண்டும் என்றார். போன வாரம் பழுதான நம் படகொன்றை இழுத்துவந்து விட்ட அவர்கள் ஆட்களை, 'அத்துமீறல்' என்று நம்மவர்கள் பிடித்து இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று அதற்குப் பிறகு அவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு.

மூன்று பதினாறுக்கு வெளியுறவு அமைச்சகத்தைக் கூப்பிட்டேன். அமைச்சர் கையெழுத்து வேண்டும், அமைச்சர் கூட்டத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்றார் செயலாளர். என்ன கூட்டம் என்று கேட்டேன். கூட்டணியின் தொகுதிப் பங்கீடாம். பதினோரு தடவை கூப்பிட்டேன். நேரமெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.

அவ்வளவு நேரமும் படகோட்டி பேசிக்கொண்டே இருந்தார். பெண்களையும் பிள்ளைகளையும் கூரை மேல் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். நாலு மணி ஆனதும், "அம்மா, அவங்க வர்றாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். வருகிறார்கள் என்றேன். பொய் சொன்னேன், தம்பி. நாலு எட்டுக்கு அவர் குரல் நின்றது.

நம் படகு நாலு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டு பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். பதினான்கு பேர் இல்லை, அவர்களில் படகோட்டியும் ஒருவர். அனுமதி நாலு ஐம்பத்தைந்துக்கு வந்தது.

அந்தக் கூட்டத்தில் நீ இருந்தாயா?

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இருந்தேன். வெளியே இப்படி நடக்கிறது என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்தியிருந்தார்கள்.

விசாரணை அதிகாரி உன்னிடம் வருவார். உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். 'மறுகரையைக் கூப்பிட்டேன், அவர்கள் வரவில்லை' என்று சொன்னால் போதும். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அவர்கள் வரவில்லைதானே? அதற்கு மேல் நீயாக எதுவும் விளக்க வேண்டாம். தேர்தலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தப் பத்து வருடம் ஆனது. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

மார்ச் மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

தம்பி


மே 6

தம்பிக்கு,

நீ சொன்ன அந்த வரியை நூறு தடவை படித்தேன். அவர்கள் வரவில்லைதானே! எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியிருக்கிறாய். சின்ன வயதில் உன் கட்டுரை நோட்டைத் திருத்தியது நான்தான். அந்தக் கையை என்ன செய்வது?

அதிகாரியிடம் எல்லாம் சொன்னேன். பதிவேட்டைக் கொடுத்தேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். ஆமாம், கிழிக்கவில்லை. கொடுத்தால் உன் கதி என்ன ஆகும் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவர் முழுவதும் படித்தார். அழகாக மடித்தார். "இது குடும்பக் கடிதம்மா. இத நான் ஆவணமா எடுத்துக்க முடியாது" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

பயப்படாதே, பத்திரமாக இருக்கிறாய். நேற்றுப் படகோட்டியின் மனைவி வந்தாள். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்ல வாய் வரை வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விழுங்கிவிட்டேன். அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மே மாதத்திலிருந்து உன் கடிதம் இல்லை. அதிகாரியிடம் கடிதத்தைக் கொடுத்ததற்காக எனக்கு உன்மேல் கோபமில்லை. நீ எப்போதுமே நேர்கோடு, அது எனக்குத் தெரியாதா?

செய்தி பார்த்திருப்பாய். நாங்கள் அணி மாறிவிட்டோம். புதிய கூட்டணியில் எல்லை மாவட்டத்துக் கட்சியும் இருக்கிறது. மறுகரை வியாபாரம் இல்லாமல் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. அதனால் ஒப்பந்தம் மறுபடி வருகிறது, முன்னைவிடப் பெரிதாக. நான் சொன்னபடியே நடந்ததா இல்லையா? தூதுக்குழுவுக்கு என்னையே துணைத்தலைவராகப் போட்டிருக்கிறார்கள். 'கடல் பிரிப்பதில்லை, சேர்க்கிறது' என்று ஒரு உரை தயார் செய்திருக்கிறேன். தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி உங்கள் நிலையத்தில்தான் விழா. முதல் அழைப்பை நீ பேச வேண்டும், பக்கத்தில் நான் நிற்பேன். போட்டோ எடுப்பார்கள். பழையதெல்லாம் அதோடு கழுவிப் போகட்டும். அம்மாவையும் கூட்டி வா.

உன் செல்லத்
தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

அம்மா வருவாள். புதுப் புடவை எடுத்தாயிற்று. அத்தான் கூட்டி வருவார். உனக்கு அவள் இருக்கிறாள்.

நான் அன்றைக்கு விடுப்பு. எழுதிக் கொடுத்துவிட்டேன். என்மேல் கோபமில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் என் மனம் விட்டுப்போயிற்று. திட்டியிருந்தால்கூட நீ என் தம்பி என்று நினைத்திருப்பேன். பதினான்கு பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை, என்னை மன்னிக்கிறாய்.

விழாவில் முதல் அழைப்பு என்கிறாய். அது முடிந்துவிட்டது. தொலைபேசியைப் போன வியாழக்கிழமையே மாட்டிவிட்டார்கள். ஊழியர்கள் போனதும் நான் எடுத்தேன். மறுமுனையில் அந்த வயர்லெஸ்காரரேதான். குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்கள் படகு எல்லைக்கோட்டில் எஞ்சினை நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம் நின்றதாகச் சொன்னார். நீரோட்டம் நம் பக்கம் இழுத்தது, படகு கோட்டைத் தாண்டாமல் பிடித்து நிறுத்துவதே வேலையாக இருந்தது என்றார். பிறகு கேட்டார்: "ஒண்ணு கேட்கலாமா? உங்க நாட்டுல யாருக்கும்மா எங்க மேல அவ்வளவு கோபம்?"

கோபம் யாருக்கும் இல்லை என்றேன். ஒரு தேர்தல் இருந்தது, அதற்காக ஒருவன் எழுதினான் என்றேன். யார் என்று கேட்டார்.

என் தம்பி என்று சொன்னேன்.

அம்மாவிடமும் படகோட்டியின் மனைவியிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லிவிட்டேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. முன்பெல்லாம் தினமும் சொல்வதுபோல, அந்த நேரத்துக் காற்றின் திசையையும் வேகத்தையும் சொன்னார். தென்மேற்கு, பதினெட்டு கடல் மைல். எழுதிக்கொண்டேன்.

'தம்பி' என்ற அந்த ஒரு சொல்லை இந்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இனி நீ எழுத வேண்டாம்.

வயர்லெஸ் பணியாளர்,
கடல் மீட்பு நிலையம்