ஊருக்கு அச்சு இல்லை

விவேக் நகர், பெங்களூர்
20 ஜனவரி 2002

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு,

குழந்தை இயேசு புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

திருவிழா முடிந்தது. நம் கடையில் மெழுகுவர்த்தி மூட்டை மூட்டையாகப் போனது. நேர்ந்துகொண்டு பீடத்தில் வைக்கிற மெழுகு உருவங்களில் இந்த வருஷம் வீட்டைவிட விமானம் அதிகம். சாஃப்ட்வேர் பிள்ளைகள் விசா கேட்டு நேர்ந்துகொள்கிறார்கள். கால்வலிக்காரர்கள் வழக்கம்போலக் கால் வாங்கினார்கள். எதிர்க்கடை சில்வெஸ்டர் என் விமானத்தைப் பார்த்து அதேபோல அச்சு செய்திருக்கிறான். றெக்கை கோணல்.

நம் கஸ்தூரிரங்கன் கம்பெனி வேலையாக நீ இருக்கும் பிராக் நகருக்கு வருகிறார். ஐயங்கார்தான், ஆனால் வியாழக்கிழமை நவநாளுக்குத் தவறாமல் வருகிறவர். அவர் கையில் உங்கள் கோவில் குழந்தை இயேசு சுரூபத்துக்கு ஓர் அங்கி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நல்ல பட்டு, அசல் ஜரிகை. இங்கே உள்ள சுரூபத்தை அளந்து, அதற்கு மேல் பாதி கூட்டித் தைக்கச் சொன்னேன். அசல் எப்போதும் நகலைவிடப் பெரிசுதானே.

இப்போது விஷயம். அக்டோபர் பதினைந்தாம் தேதி உனக்கு இறுதி வார்த்தைப்பாடு என்று உங்கள் மடத்து மதர் எழுதியிருக்கிறார். இதுவரை நீ கொடுத்தது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வார்த்தைப்பாடு. வேண்டாமென்றால் வீட்டுக்கு வரலாம். நான் சம்மதித்தது அதற்குத்தான். இறுதி என்றால் ஆயுளுக்கும் கன்னியாஸ்திரீ. எனக்கு நீ ஒரே மகள். அக்டோபருக்கு முன் திரும்பி வந்துவிடு. டீச்சர் வேலை பார், கடையைப் பார், எதையும் பார்க்காமல் சும்மா இரு. நான் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. அந்த ஊரில் கடலும் இல்லை என்றாய். பின் எதற்காக அங்கே ஒரு ஊர் எழும்பியது? விசாரித்து எழுது.

உன் அப்பா,
ரெமிஜியஸ்


பிராக்
17 பிப்ரவரி 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கி வந்து சேர்ந்தது. மனசைத் தேற்றிக்கொண்டு படியுங்கள். அசல் குழந்தை ஒரு முழ உயரம்தான். உள்ளே மரம், மேலே மெழுகு. நம் கடைச் சரக்கேதான். உங்கள் அங்கிக்குள் மூன்று குழந்தைகள் ஒளிந்து விளையாடலாம். சிஸ்டர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பிறகு பட்டைத் தடவிப் பார்த்து அழுதேன். பீடத்தில் விரித்திருக்கிறோம்.

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். வல்டாவா என்ற ஆறு வளைந்து போகிறது. இறங்கிக் கடக்கிற அளவுக்கு ஓரிடத்தில் ஆழம் குறைவாம். கடக்க வந்த வியாபாரிகள் அங்கேயே தங்கினார்கள். வெளியூர்ச் சரக்குக்குச் சுங்கம் வாங்கிய முற்றம் இன்னும் இருக்கிறது. மலைமேல் கோட்டை கட்டிய ராஜாக்கள் ஆற்றுக்குக் கல்பாலம் போட்டார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் புனிதர்கள் கல்லாக நிற்கிறார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல.

நகர மண்டபத்தில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போது அதிலுள்ள எலும்புக்கூடு பொம்மை ஒன்று கயிற்றை இழுத்து, நேரமாகிவிட்டது என்கிறது. பக்கத்தில் பணப்பையோடு ஒருவன், வரமாட்டேன் என்று தலையாட்டுகிறான். உங்கள் ஞாபகம் வந்தது. கோபப்படாதீர்கள்.

பல நூறு வருஷம் முந்திய சண்டைக் காலத்தில் படைவீரர்கள் கோவிலில் புகுந்து குழந்தைச் சுரூபத்தைப் பீடத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டார்களாம். கை இரண்டும் உடைந்து, வருஷக்கணக்காகக் குப்பையில் கிடந்திருக்கிறது. பிற்காலத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி. இப்போது ஊரில் பாதிப்பேருக்குமேல் எந்தக் கடவுளும் வேண்டாம். சுற்றுலாக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பூசையில் நாங்களும் சில கிழவிகளும்.

நான் வரவில்லை அப்பா. அக்டோபரில் வார்த்தைப்பாடு கொடுப்பேன். உங்கள் ஆசீரோடு கொடுக்க ஆசை.

அம்மாவுக்கு முத்தம்.

அன்பு மகள்,
பிரிஸில்லா


விவேக் நகர்
10 மார்ச் 2002

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கன்னியர் மடமே சிரித்தது என்று படித்தேன். சிரிக்கட்டும்.

அந்தப் பணப்பைக்காரனைக் கேலி செய்யாதே. அவன் இல்லாமல் எந்த ஊரும் எழும்பவில்லை. நீயே எழுதியிருக்கிறாய், முதலில் வியாபாரி வந்தான், பிறகுதான் ராஜா பாலம் போட்டான் என்று. அவன் தலையாட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவான்?

நம் ஊரையும் பார். இதற்கு ஆறே கிடையாது. காவிரியைக் குழாயில் மலையேற்றிக் கொண்டுவந்து குடிக்கிறோம். வெள்ளைக்காரன் குளிர்ச்சிக்காகப் பட்டாளத் தண்டு இறக்கினான், தண்டுக்குப் பின்னால் நம் ஜனம் வந்தது. நான் தர்மபுரியிலிருந்து வந்து, கோவில் வாசலில் கூடையில் மெழுகுவத்தி வைத்து விற்றவன். தொண்ணூற்றொன்று டிசம்பர் காவிரிக் கலவரத்தில் தமிழ்க் கடை எது என்று கும்பல் தேடி வந்தபோது, மாவு மில் மஞ்சுநாத் தன் பூட்டை நம் ஷட்டரில் போட்டுவிட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இது நம்ம அங்கடி" என்று கன்னடத்தில் சொன்னார். வந்தவர்கள் போய்விட்டார்கள். நீ அப்போது உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தாய். இப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு, சாமியே வேண்டாம் என்கிற ஊரில் உனக்கு என்ன வேலை?

இங்கே வியாழக்கிழமை நிற்க இடமில்லை. சொந்த ஊரில் அந்தக் குழந்தைக்கு ஆளில்லை. கூட்டம் இருக்கிற இடத்தில் கடை போடுகிறவன் புத்திசாலி. நீ ஆளில்லாத சந்தையில் ஆயுளுக்கும் வாடகைக்கு எடுக்கிறாய்.

ஆசீர் கேட்காதே. நான் செய்ய வேண்டியதைச் செய்வேன்.

அப்பா


பிராக்
21 ஏப்ரல் 2002

அப்பா,

மதர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டார். "உன் அப்பா எழுதியிருக்கிறார். அம்மாவுக்குப் புற்றுநோயாம். கடைசியாக உன்னைப் பார்க்க வேண்டுமாம். டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன்" என்றார்.

கடைக்குப் போன் செய்தால் நீங்கள் எடுப்பீர்கள் என்று தையல்கார பவுலின் ஆன்ட்டி வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைக் கேட்டேன். "ஒங்கம்மா கேத்தரினா? இங்கதான் இருக்கா. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தா. இரு" என்றார். அம்மா வந்து, "இன்னாடி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர்னாதானே போன் பண்ண விடுவாங்க? மதர் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். மதர் நலம் என்றேன். உங்கள் குரலைக் கேட்க மதர் விட்டார் என்று சொல்லிப் போனை வைத்தேன். நீங்கள் எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மதரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வீட்டில் சண்டையை வைத்துவிட்டு இங்கே வார்த்தைப்பாடு கொடுக்காதே. உன் அப்பா மனமாரச் சம்மதம் எழுதட்டும். அதுவரை அக்டோபர் கிடையாது" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். உன் அப்பாவைக் கேள் என்றார்.

கேட்கிறேன். ஒரு கடிதம் போதும். இரண்டு வரி போதும்.

பிரிஸில்லா


விவேக் நகர்
12 மே 2002

மரியாதைக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

பொய்தான். உன் அம்மா கல் மாதிரி இருக்கிறாள், நூறு வயது இருப்பாள். வேறு வழி தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

சம்மதம் எழுதமாட்டேன். நான் எழுதாவிட்டால் அக்டோபர் இல்லை என்றால், எழுதாமல் இருப்பதுதான் என் கையில் உள்ள ஒரே சாவி. அதை எந்த முட்டாளும் கொடுக்கமாட்டான்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ரெமிஜியஸ்


விவேக் நகர்
15 ஆகஸ்ட் 2002, வியாழன்

பிரிஸ்ஸி,

உன் ஜூன் கடிதமும் ஜூலை கடிதமும் கல்லாவில் பிரிக்காமல் கிடந்தன. இன்று காலைதான் பிரித்தேன்.

மூன்று நாளாக டி.வி.யில் உன் ஊரைக் காட்டுகிறார்கள். நூறு இருநூறு வருஷத்தில் வராத வெள்ளம் என்கிறான். ஆற்றோரத் தெருவெல்லாம் தண்ணீர், ஜனங்களைப் படகில் ஏற்றுகிறார்கள். நீ எழுதிய கல்பாலத்தைக் காட்டினான், அடியில் மரமும் குப்பையும் முட்டிக்கொண்டு வருகிறது. மடத்து நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறேன். லைனே இல்லை. கஸ்தூரிரங்கன் தன் ஆபீஸிலிருந்து முயற்சி செய்தார், அவருக்கும் கிடைக்கவில்லை. உன் அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. 

இன்று மாதா திருநாள், வியாழக்கிழமையும்கூட. கடையில் கூட்டம். ஒருத்தி வீட்டு உருவம் கேட்டாள், நான் எடுத்துக் கொடுத்தது கால். கடையை வேலைக்காரனிடம் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உனக்குத் தெரியும். உருவம் விற்கிறவன் தன் கடைச் சரக்கை வைத்து நேர்ந்துகொண்டால் செல்லாது. காசு கொடுத்து வெளியே வாங்க வேண்டும். வேறு கடை ஏது? சில்வெஸ்டரிடம் போய் நின்றேன்.

"இன்னா ரெமி, சரக்கு தீந்துபோச்சா? கேட்டா அனுப்பியிருப்பனே" என்றான்.

"வியாபாரத்துக்கு இல்ல. எனக்கு."

அவன் சிரிப்பு போய்விட்டது. "ஊட்டுக்கா, ஒடம்புக்கா?"

"ஊருக்கு. பிராக் முழுசும் தண்ணி. பிரிஸ்ஸி அங்க இருக்கா."

"ஊருக்கு அச்சு இல்லயேப்பா." அலமாரியில் ஒவ்வொரு தட்டாகத் தேடினான். பிறகு பெண் உருவம் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். காசு வேண்டாம் என்றான். "வாங்கிக்கோடா, இல்லன்னா செல்லாது" என்று சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன்.

வரிசையில் நின்று பீடத்தில் வைத்தேன். அவளைக் காப்பாற்று, அவளை உனக்கே விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். நீ உயிரோடு இருந்தால் சம்மதம் எழுதுவேன். வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

இது கையில் கிடைத்ததும் ஒரு வரி போடு.

அப்பா


பிராக்
28 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் எழுதிய அன்று இரவே லைன் கிடைத்து மதர் கடைக்குப் பேசியிருக்கிறார், நீங்கள் "தேங்க்யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்களாம்.

உங்களிடம் மறைக்கக் கூடாது. எங்கள் கோவில் மலைச்சரிவில், படி ஏறிப் போகிற இடத்தில் இருக்கிறது. மடம் அதற்கும் மேலே. தண்ணீர் கீழ்த்தெருக்களோடு நின்றுவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆபத்து இல்லை. நீங்கள் வேண்டிக்கொண்டது வராத ஆபத்துக்கு. பயத்தில் சொன்ன சொல்லை வைத்து உங்களிடம் சம்மதம் வாங்க எனக்கு மனசில்லை. மதரும் அப்படித்தான் சொல்கிறார். அந்தப் பேச்சு செல்லாது. அந்த நேர்ச்சையிலிருந்து உங்களை விடுவித்துவிட்டேன்.

வெள்ளத்தில் நான் செய்தது இதுதான். கீழ்த்தெருக் கிழவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். ஓடாத டிராம் வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டி இறங்கமாட்டேன் என்றாள். சாமி இல்லை, பாதிரியார் வேண்டாம், உன் சூப்பும் வேண்டாம் என்று திட்டினாள். என் உடைந்த செக் மொழியில் நானும் திருப்பித் திட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இறங்கினாள். பிறகு சூப்பில் உப்பில்லை என்று என்னையே மூன்று தடவை கூப்பிட்டாள்.

அந்த நாட்களில் உங்களையும் அம்மாவையும் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை அப்பா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
பிரிஸில்லா


விவேக் நகர்
15 செப்டம்பர் 2002

அன்பு மகள் பிரிஸ்ஸிக்கு,

உன் கடிதத்தைச் சில்வெஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப ஒனக்குதான் லாபம் ரெமி. பேச்சு கேன்சல். பொண்ண வரச்சொல்லி எழுது" என்றான். கணக்குக்கு அவன் சொன்னது சரி. தண்ணீரே வராத படிக்கட்டுக்காக வரிசையில் நின்றவன் நான். இத்தனை வருஷக் கடையில் இப்படி ஏமாந்ததில்லை.

வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

எங்களை நினைக்கவே இல்லை என்று எழுதினாய் பார், அதுதான் காரணம். படித்ததும் கோபம் வந்தது. பிறகு கடையில் நிற்கும்போது யோசித்தேன். திருவிழா நாளில் உன் அம்மா சோறு கொண்டுவந்து பக்கத்தில் நின்றாலும் எனக்குத் தெரியாது. யார் என்று கேட்டிருக்கிறேன், அவளையே. தன் வேலையில் நிற்கிறவன் அப்படித்தான் இருப்பான். உன்னை இழுத்து வந்து கல்லாவில் உட்கார வைத்தால், நீ வத்தியை விற்றுக்கொண்டு அந்த டிராம் கிழவியை நினைத்துக்கொண்டிருப்பாய். அந்த முகத்தைத் தினமும் பார்க்க என்னால் முடியாது.

மதருக்கு எழுதிய சம்மதம் இதோடு இருக்கிறது. கஸ்தூரிரங்கன் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார், கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேர்ச்சைக்காக என்று அவர் எழுதியிருந்தார். அந்த வார்த்தையை அடித்துவிடச் சொன்னேன். நேர்ச்சை செல்லாது என்று நீதான் தள்ளிவிட்டாயே. கட்ட வேண்டியது எதுவும் இல்லை. வியாபாரத்தில் நான் ஒரு வத்தியைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை. இதைச் சும்மா கொடுக்கிறேன் என்று மதரிடம் சொல்.

புற்றுநோய்க் கதையை உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாளாக எனக்கு மட்டும் குழம்பு இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க முதலில் கிளம்பினவள் அவள்தான். அக்டோபர் தேதியை மதர் நிறுத்திவிட்டாரே, புதுத் தேதி வைக்கும்போது ஜனவரித் திருவிழாவில் மட்டும் வைக்க வேண்டாம். வேறு எந்த நாளானாலும் கடையைச் சில்வெஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் வருகிறோம்.

கோவிலில் முன்வரிசையில் எனக்கு இடம் போடாதே. நடுவில் எழுந்து வெளியே போனாலும் போவேன். நான் சந்தோஷமாக வந்திருக்கிறேன் என்று அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
ரெமிஜியஸ்