குப்புறப் படுத்த வாரம்

திண்டிவனம்
6.8.2024

அன்பு மகள் ஃபஸீஹாவுக்கு,

அத்தாவின் ஸலாம். நான் போனை எடுப்பதில்லை என்று குறைப்பட்டாயாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது முடியாது.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்ன சொன்னார்? விழித்திரையின் ஓட்டையை அடைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறது, அது அங்கேயே அழுத்திக்கொண்டிருக்க ஒரு வாரம் குப்புறக் கிடக்க வேண்டும் என்றார். கிடந்தேன். சோறும் தொழுகையும் குனிந்த தலையோடுதான். மூன்றாம் நாள் மதியம் கண் அயர்ந்தபோது உன் அம்மா என்னை மல்லாத்திவிட்டாள். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் வரை அப்படியே கிடந்திருக்கிறேன்.

இன்று வலது கண்ணால் பார்த்தால் ஆளின் முகம் இருக்கும் இடம் காலி. காதும் தோளும்தான் தெரிகிறது. கெடுத்தவள் கோபித்துக்கொண்டு உன் வீட்டில் இருக்கிறாள். தப்பை ஒப்புக்கொண்டால் வரட்டும்.

யாரிடமும் கேட்காமல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டக் கற்றவன் நான். வாயு எந்தப் பக்கம் ஏறும் என்று எனக்குத் தெரியாதா?

பிள்ளைகளுக்கு மல்லாட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் அவித்துவிடு. உன் அம்மா வறுத்த கடலையைத் தின்ன மாட்டாள்.

ஷபியுல்லா


விழுப்புரம்
13.8.2024

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். மல்லாட்டை வந்தது. உங்கள் கடிதத்தைக் குறுக்கே பேசாமல் படித்தேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினாரே. "ஓட்டை பெருசு, ரொம்ப நாளானது. மூடினாலும் இந்தக் கண்ணால படிக்க முடியாது" என்றார். "போட்டோ பாத்து ஜோசியம் சொல்றீங்களா?" என்று கேட்டது நீங்கள்தான். பிறகு எடுத்த படத்தில் ஓட்டை மூடியிருக்கிறது. அம்மா கெடுத்திருந்தால் அது மூடியிருக்குமா?

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "தலைகாணில மூஞ்சி பொதைஞ்சி மூச்சு முட்டிக்கினு கெடந்தாரு. எனக்குக் கண்ணு பெருசா, ஆளு பெருசா? நாளைக்கும் திருப்புவேன். ஒத்துக்கினு வரமாட்டேன்னு எழுது" என்றார்கள். நான் கடிதத்தை மடிக்கும்போது, "சொட்டு மருந்து ஒழுங்கா போட்டுக்கிறாரான்னு கேளு" என்றார்கள்.

உங்கள் மகள்
ஃபஸீஹா


திண்டிவனம்
27.8.2024

அன்பு மகளுக்கு,

அத்தாவின் ஸலாம். உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன். முதல் படத்தில் கிணறு மாதிரிப் பள்ளம். அடுத்ததில் பள்ளம் மூடியிருந்தது. ஆனால் அடியில் ஓடிய கோடு ஒன்று நடுவில் அறுந்திருந்தது. "பார்வை தர்ற இடம் இதுதான். இது முன்னாடியே போயிடுச்சு" என்றார் டாக்டர்.

"என்னை யாரும் திருப்பிப் போடாம இருந்திருந்தா?"

"இதே பார்வைதான் பெரியவரே. அன்னைக்கே சொன்னமே."

வேறு ஆபரேஷன் உண்டா என்றேன். கண்ணாடி, மாத்திரை, மெட்ராஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நர்ஸ் வந்து கையைப் பிடித்து எழுப்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் யார் மேலாவது கோபப்பட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. உன் அம்மா மேல் கோபம் இருந்தவரை, அவள் மட்டும் திருப்பாதிருந்தால் கண் கிடைத்திருக்கும் என்று ஒரு பேச்சாவது இருந்தது. இப்போது அதுவும் கையில் இல்லை.

மருந்து போட்டுக்கொள்கிறேன் என்று சொல். பாதி கன்னத்தில்தான் விழுகிறது.

இதை அவளுக்குப் படித்துக் காட்டு. வரச் சொல்லாதே. கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று எழுது. ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுது.

அத்தா