ரெக்கார்டிங்கில் கேட்ட ஹம்மிங்

ரிஸானா,

உறங்கிட்டிருந்த, எழுப்பல. சோத்துக்கு ஆணம் மூடி வச்சிருக்கு, சூடு பண்ணிக்கோ.

ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்கு மியூசிக் பத்தி போன வாரம் நீ போன்ல பேசிப் பதிஞ்சத இப்பத்தான் கேட்டேன். மெலடி, ரிதம், ட்யூன்னு நீ சொல்லச் சொல்ல, பின்னால ஒரு ஆம்பளக் குரல் வாய் திறக்காம ஹம்மிங் பண்ணுது. நான்தான் கெடுத்தேன்னு நேத்து சண்டை போட்டியே. நீ பதிஞ்ச அன்னைக்கு நான் சங்கரன்கோவில்லயே இல்ல, வாசுதேவநல்லூர் போயிருந்தேன்லா.

அது நம்ம வாப்பா சவரம் பண்ணும்போது பாடுத மெட்டு. போன நோன்புல மௌத்தாகி நாம அடக்கம் பண்ணுனவரு, அவரு குரல் எனக்குத் தெரியாதா?

அழிச்சிராத. சாயங்காலம் வாரேன்.

ஷாஜித்

இன்னொண்ணு: நீ படிக்கிற இடத்துல கிடக்கிற வாப்பா நாற்காலில துவைச்ச துணியக் குமிக்காத. உக்காந்து கேக்கட்டும்.