விளக்கு வெளிச்சத்துப் பச்சை

லூனாஸ்,
20.1.1932

அன்பு மிக்க அக்காவுக்கு,

கமலாம்பிகை எழுதுவது. நானும் இவரும் பிள்ளையும் நல்ல சுகம். பிள்ளைக்கு மேலே இரண்டு பல் வந்துவிட்டது; கண்டதையெல்லாம் கடிக்கிறாள். அம்மாவின் கடிதம் வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதமாயிற்று. இவ்வளவு சுணங்கியதற்குக் கோபிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஐப்பசியில் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று நான் எழுதியதுதான் பிழை. "காய்ச்சல் நாட்டில் பிள்ளையை வைத்திராதே. தையில் நம்மூர்ப் பரஞ்சோதி அங்கிருந்து வருகிறானாம், அவனோடு கப்பலேறி வா. உன் மனுசன் சிவகுருவுக்குச் சமைக்க அங்கே ஆளா இல்லை?" என்று எழுதிவிட்டார் அம்மா.

கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். வாசித்தார், மடித்துத் தந்தார். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சுங்கைப் பட்டாணிக்குப் போய், மூசா ராவுத்தர் கடையில் இரண்டு சின்னத் தகரம் பெயிண்ட் வாங்கிவந்து மேசையில் வைத்தார். இரண்டும் கரும்பச்சை. செம்மண் தெறித்தும் பிள்ளை கைவைத்தும் பழுதாய்ப்போன கூடத்துக் கீழ்ச்சுவருக்காம். "எது பிடிக்குது எண்டு பார், மிச்சத்தை வாங்குவம்" என்றார். அவ்வளவுதான் அக்கா. எந்தப் பச்சை என்று சொன்னால், ஊருக்கு வராமல் இங்கேயே நிற்கிறேன் என்றும் சொன்ன மாதிரியல்லவா? சுவரில் பூசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இந்த ரப்பர் தோட்டத்தில் வெள்ளையடிக்கும் முருகையா இரண்டையும் பக்கம் பக்கமாக ஒரு முழம் பூசிக் காட்டினார். இவர் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே பச்சைதானேயப்பா" என்று கந்தோருக்குக் கணக்கெழுதப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் முருகையா, "கிராணி ஐயாவுக்குப் பேரேட்டுல மட்டுந்தான் கண்ணு தெரியும்போல" என்றாரே பார்க்கலாம்!

பகலில் இடதுபக்கம்தான் அழகு. நீலம் ஓடிய பச்சை, ஆழக் கிணறு மாதிரி. வலதுபக்கத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்து கிடந்தது, சோம்பேறிப் பச்சை.

ஆனால் காய்ச்சலைக் கொண்டுவரும் நுளம்பு கடித்தபிறகு சுவரில்தான் போய்க் குந்தும், அங்கேயே அடியுங்கள் என்று மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் சொல்லியிருக்கிறார். விளக்கு வைத்ததும் சுவரடியில் போய் நின்றேன். அழகான பச்சை அப்படியே கறுத்துப்போயிற்று. நுளம்பு குந்தினால் தெரியவே இல்லை. சோம்பேறிப் பச்சையிலோ அதன் காலைக்கூட எண்ணலாம். கல்லூரியில் தவளை வெட்டிப் படித்தது இதற்குத்தானா என்று சிரிப்பு வந்தது. பத்து நாள் பார்த்தேன். "சுவருக்கே கலியாணம் பேசுறாய்?" என்று இவர் பகிடி பண்ணினார்.

பத்தாம் நாள் வலதுபக்கத்தில் ஒன்றை அடித்தேன். உள்ளங்கையெல்லாம் இரத்தம். பதறிப்போய்ப் பிள்ளையை உச்சிமுதல் உள்ளங்கால்வரை தடவிப் பார்த்தேன். ஒரு தடிப்பும் இல்லை. இவர் சட்டைக்கையைச் சுருட்டி முழங்கையில் இருந்த தடிப்பைக் காட்டி, "பயப்பிடாதை, அது என்ர இரத்தம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார்.

நான் கப்பலேறிவிட்டால் இந்த மனிதரைக் கடிக்கிறதை அடிக்க யார் இருக்கிறார்கள், அக்கா?

"வலதுபக்கத்துப் பச்சை" என்றேன். சுருட்டிய சட்டைக்கையை இறக்கிவிட்டார். பிறகு, "அறைக்கும் சேர்த்தோ?" என்று கேட்டார். அறைக்கும்தான் என்றேன். விடிந்ததும் மிச்சப் பெயிண்டை வாங்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூசி முடிந்து நாலு நாள். வாடை இன்னும் போகவில்லை. பிள்ளைக்கு வலை கட்டியிருக்கிறேன், இவருக்குக் காய்ச்சல் வராமலிருக்கக் கொயினா மருந்து தவறாமல் கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்குப் பயம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம், அம்மா நம்பமாட்டார்.

இதைப் பரஞ்சோதி அண்ணர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் தனியாக வந்து நிற்பதைக் கண்டால் அம்மா அழுவார். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். கூடவே அந்தப் பச்சை பூசிய ஓர் அட்டைத் துண்டும் வைத்திருக்கிறேன். பகலில் பார்த்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. விளக்கு வைத்தபிறகு கையில் கொடுங்கள்.

உங்கள் எல்லோருடைய ஆசியையும் இந்த வீட்டுக்காகக் கேட்கும்,
அன்புத் தங்கை
கமலாம்பிகை