எழுந்து நின்றவர்கள்

மச்சான்,

உன்னைக் கவுன்சிலர் என்று எழுதக் கை வரவில்லை.

துரையைக் கண்டதும் எழுந்து நிற்கும் தோட்டத்துப் பழக்கம் போகட்டும், யார் வந்தாலும் நம் ஆட்கள் உட்கார்ந்தபடியே கேள்வி கேட்கட்டும் என்றுதான் நீயும் நானும் ஞாயிறு வகுப்பைத் தொடங்கினோம். மழை பெய்தால் வீட்டுக்குள் ஏறும் சாக்கடைத் தண்ணீரைப் பற்றி உன்னிடம் கேட்க நவமணியக்கா வகுப்பில் பேசிப் பழகியிருந்தார்.

நேற்று சிம்பாங் பூலாய் மண்டபத்துக்குள் நீ நுழைந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், நீ போய்விட்டாய். சாக்கடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"கேக்கத்தான் வந்தேன் தம்பி. கால் தானா எந்திரிச்சிருச்சுலா" என்றார் அக்கா.

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 'உட்காருங்க' என்று நீ சொல்வாயென்று, கடைசிவரை நானும் நின்றுகொண்டே இருந்தேன்.

களைப்புடன்,
உன் பழைய கூட்டாளி