உன் டபுள் பேஸ் நாறுகிறது, அண்ணா

தடிமாட்டு அண்ணனுக்கு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் எழுதும் அன்பு வணக்கம்.

நீ ஆசைப்பட்ட டபுள் பேஸ் மயிலாப்பூர் வந்து சேர்ந்துவிட்டது. ஹாலில், உன் கீபோர்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வயலினுக்கு யானைக்கால் வந்த மாதிரி ஒரு வடிவம். என்னைவிட உயரம், அப்பாவைவிடத் தொப்பை. இது இசைக்கருவியே இல்லை, இம்சைக்கருவி. இதைப் போய் ஒரு மனுஷன் ஆசைப்படுவானா?

எல்லாம் நீ உன் போனில் பதிந்து வைத்த அந்த மெட்டினால் வந்தது. பாதியில் கீபோர்டை நிறுத்திவிட்டு, "இங்க டபுள் பேஸ் தனியா வரும், தும் தும்னு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறாய். ஃபேன் சத்தம் மட்டும் ஓடுகிறது. பிறகு மீதி மெட்டு. அந்த மீதியை அம்மா போன வாரம்வரை கேட்டதில்லை. ஃபேன் சத்தம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். காலி இடத்தில் ஏதாவது சத்தம் இருந்தால் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் கடைசிவரை உட்கார வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

உன் கல்யாணக் கச்சேரி ட்ரூப்பின் இம்ரான் அண்ணன்தான் கோடம்பாக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார். சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடை. ஏதோ டான்ஸ் பாட்டுக்காக இதற்குத் தங்கக் கலர் எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். தொட்டால் பிசுபிசு. நான்கு கம்பியில் ஒன்று துணி காயப்போடும் கம்பி. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கரப்பான் குடும்பம், மூன்று தலைமுறை. கடைக்காரர், "நல்ல பீஸும்மா, எல்லா ஹீரோவும் தொட்டது" என்றார். அதனால்தான் இவ்வளவு பிசுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் பேரத்தை ஆரம்பித்தேன்.

கீறல் விழாமல் இருக்க வெள்ளைத் துணி சுற்றி, கழுத்திலும் காலிலும் கயிறு கட்டிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். நம் தெருவைத்தான் மெட்ரோக்காரர்கள் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, வண்டி முனையோடு நின்றுவிட்டது. இம்ரான் அண்ணன், டிரைவர், டிரம்ஸ் வாசிக்கும் குமார், நான். ஆளுக்கொரு மூலையாகத் தோளில் தூக்கினோம்.

புரிகிறதா? வெள்ளைத் துணி, நான்கு பேர், தோளில். பைக்கில் போனவர்கள் எஞ்சினை அணைத்தார்கள். இஸ்திரி போடுகிறவர் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். பூக்காரம்மா வாடிய சாமந்தியை ஒரு கைப்பிடி வீசினார், பாதி என் வாயில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சும்மா விடுவேனா, "ஐயோ மாமா" என்று ஒரு ஒப்பாரியும் வைத்தேன்.

டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்து வழியை மறித்தார். வாய் நிறைய வெற்றிலை.

"இன்னாம்மா இது, பொம்பளப் புள்ள தோள் குடுத்துக்கினு போற? உங்கூட்ல ஆம்பளைங்க இல்லியா?"

"ஒருத்தன் இருந்தான் தாத்தா. அவனுக்குக் குடுக்கத்தான் விடலையே."

இம்ரான் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் பதிலுக்குப் பதில் என்றுதான் வாயைத் திறந்தேன், வந்தது அது. போன வருஷம் அதே முனையில் அத்தை என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினாள். பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாதாம். உன்னை யார் யாரோ தூக்கிப் போனார்கள். அதில் ஒருவர் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் உன்னோடு சண்டை போட்ட ஒன்றுவிட்ட மாமா. அவர் தோள் ஆகும், என் தோள் ஆகாது. இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. உன்னைக் கொண்டுபோனது ஒரு டெங்கு கொசு என்பது அதைவிடக் குமட்டல். இத்தனை பெரிய ஊரில், ஒரு கொசு!

சரி, வாசிப்பு. இம்ரான் அண்ணன் புதுக் கம்பி மாட்டி, வில்லும் வாங்கிக் கொடுத்தார். வில்லில் குதிரைவால் முடி. அதற்கு ரோசின் என்று ஒரு பிசின் தேய்க்க வேண்டும், அப்போதுதான் கம்பியைப் பிடிக்கும். முதல் நாள் இழுத்தேன், எருமை ஏப்பம் விட்டது. கீழ்வீட்டு அங்கிள் மேலே வந்து, கக்கூஸ் குழாய் அடைத்திருக்கிறதா என்று கேட்டார். மனுஷன் நிஜமாகவே கேட்டார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். வெயிலில் வியர்வை கம்பியில் வழிந்து, துருவும் பிசினும் என் தோலும் சேர்ந்து ஒரு கறுப்பு மை. ராகம் வரவில்லை, ரோகம்தான் வந்தது.

போன சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்து வில்லை எடுத்தேன். வழுக்கியது. சத்தமே இல்லை. முகர்ந்தால் தேங்காய் எண்ணெய். முடி முழுக்கச் சொட்டச் சொட்ட.

"யாரும்மா இதைத் தொட்டது?"

அம்மா வாசற்படியில் நின்றாள். "முடி பரட்டையா, வறண்டு போயிருந்துதுடி. சனிக்கிழமை வேற."

சனிக்கிழமை யார் தலையில் எண்ணெய் தேய்ப்பாள் என்று உனக்குத் தெரியும். உன் கீபோர்டில் படிந்த தூசியைக்கூட இந்த ஒரு வருஷத்தில் துடைக்காதவள். முடி வீண், இனி எந்தப் பிசினும் ஒட்டாது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் கையில் இன்னும் எண்ணெய் இருந்தது, எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

வில்லைக் கீழே வைத்தேன். உன் போனை ஓடவிட்டேன். ஃபேன் சத்தம் வந்தது, அம்மா திரும்பினாள். நான் விரலாலேயே இழுத்தேன். தும். கொப்புளம் உடைந்து கம்பியெல்லாம் ஈரம். தும். தப்பு சுருதி. தும். இன்னும் தப்பு. அம்மா நின்றாள். பிறகு, எண்ணெய்க் கையோடு சோபாவில் உட்கார்ந்தாள். மீதி மெட்டு முழுவதும் ஓடியது.

முடிந்ததும் முகத்தைச் சுளித்தாள். "இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்னு நெனச்சான் அவன்?"

நான் கம்பியைத் துப்பட்டாவால் துடைத்தேன்.

"இன்னொரு தடவை போடு."

அண்ணா, இந்த நாற்றம் பிடித்த பெட்டியை நான் விற்க மாட்டேன். நீ விட்டுப்போன அந்த இடத்தில் வேறு யார் கையையும் வைக்க விடமாட்டேன். அசிங்கமாகவாவது தினமும் நானே வாசிப்பேன். உனக்குக் கேட்கிறதா, காதைப் பொத்திக்கொள்கிறாயா?

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத,
கை முழுக்கக் கொப்புளத்தோடு,
உன் ஒரே தங்கச்சி